ஆறரை மணி மாத்திரை

அருள்மேரி டீச்சர் வந்தபோது அவர் கையில் ஐந்து விளம்பரத் தாள்கள் இருந்தன. ஐந்தும் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரங்களுக்கானவை. ஐந்திலும் ஏதோ ஒரு குழந்தை கண்ணாடி டம்ளரைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவற்றைச் சரோஜினியின் சாப்பாட்டு மேசைமேல் வரிசையாக வைத்துவிட்டு, "இதுல எது நல்லதுன்னு சொல்லுங்க மேடம். வெள்ளிக்கிழமை குழந்தை வீட்டுக்கு வருது" என்றார்.

சரோஜினி குடிநீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு, ஓய்வு பெற்றுச் சேலையூரில் தனியாக இருப்பவர். தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வரை யார் வீட்டுத் தண்ணீர் நாறினாலும், யார் வீட்டில் நாலு பேருக்குச் சேர்ந்தாற்போல் வாந்திபேதி வந்தாலும், கடைசியில் 'தண்ணி மேடம்' வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள். கேட்கும் கேள்வி கொஞ்சம், பார்க்கும் பார்வை அதிகம் என்பது அவர் வழக்கம்.

அன்று அவர் வீட்டில் பொன்னுரங்கமும் இருந்தார். ஐம்பது வயது பிளம்பர். மாடிக் குழாயைச் சரிசெய்ய வந்த வேலை முடிந்து அரை மணி ஆகியிருந்தது. ஆனால் முகத்தில் சோகத்தோடு ஒருவர் படியேறி வருவதைப் பார்த்தபின் அவர் எங்கே கிளம்புவார்? பைப் ரெஞ்சை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டார்.

"யார் குழந்தை?" என்றார் சரோஜினி.

"என் பொண்ணு ஹெப்சியோடது. இன்னும் பேர் வெக்கல. எட்டாவது மாசத்துலயே எடுத்துட்டாங்க, ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டியில வெச்சிருக்காங்க." டீச்சர் நிறுத்தினார். "ஹெப்சி போயி இருபத்திரெண்டு நாள் ஆச்சு."

பிறகு அவரே சொல்லிக்கொண்டு போனார். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திப் பழகிய குரல். உடையாமல் ஒழுங்காகத்தான் வந்தது. ஹெப்சிக்கு நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. ஆறாம் மாதம் முடிந்ததும், ஜூன் இரண்டாவது வாரம், சிட்லபாக்கத்தில் அம்மா வீட்டுக்கு வந்தாள். ஜூலை கடைசியில் காய்ச்சல், வாந்தி. மூன்றாம் நாள் கண் மஞ்சளாயிற்று. நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். அதற்கு மறுநாள் ஹெப்சி இல்லை. டாக்டர் கொடுத்த தாளில் 'ஹெபடைடிஸ்-ஈ என்ற காமாலை, குடிநீர் வழியாக' என்று எழுதியிருந்தது.

"இந்தக் காமாலை மத்தவங்களுக்கு வந்துட்டுப் போயிடும்" என்றார் சரோஜினி மெதுவாக. "கர்ப்பிணிக்குக் கடைசி மாசங்கள்ல வந்தா ஆளைக் கொன்னுடும்."

"டாக்டரும் அதையேதான் சொன்னார். ஆனா எங்க வீட்ல அது எப்படி வரும்? ஆர்.ஓ. மெஷின் இருந்துது. நானும், லீவு நாள்ல வர்ற மாப்பிள்ளையும் அந்தத் தண்ணியைத்தான் குடிச்சோம். எங்களுக்கு ஒண்ணுமில்ல. ஹெப்சிக்கு அதுவும் போதாதுன்னு, அந்த ஆர்.ஓ. தண்ணியையே திரும்பப் பத்து நிமிஷம் கொதிக்க வெச்சுக் கொடுத்தேன். அவளுக்குப் போயி வந்திருக்கே மேடம்!"

"வெளியில ஏதாவது..."

"தெருமுனையைத் தாண்டல. வெளிய ஒரு வாய் சாப்பிடல. ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே டாக்டர் பயமுறுத்தி வெச்சிருந்தார்."

பொன்னுரங்கத்தால் அதற்குமேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "அப்ப மெஷின்லதான் இன்னாவோ கீது மேடம்."

"மாப்பிள்ளையும் அதைத்தான் சொல்றார்" என்றார் டீச்சர். "ஏப்ரல்ல தனக்கோடின்னு ஒருத்தர் வந்து ஃபில்டரெல்லாம் மாத்தினார். டூப்ளிகேட் ஃபில்டர் போட்டு என் பொண்டாட்டியைக் கொன்னுட்டான்னு, அடக்கம் முடிஞ்ச மூணாம் நாள் ஸ்டெபின் அவரை வரவழைச்சு அடிச்சுட்டார். தோள்பட்டை எலும்பு ஒடைஞ்சு போச்சு. தனக்கோடி மேல ஸ்டேஷன்ல புகாரும் கொடுத்திருக்கார். இப்ப எங்க ஏரியாவுல யாரும் தனக்கோடியை வாசல்ல சேக்கறதில்ல." அவர் சரோஜினியை நேராகப் பார்த்தார். "அவர்தான் காரணம்னா தண்டனை அனுபவிக்கட்டும். ஆனா எனக்குச் சந்தேகமில்லாம தெரியணும். அதே வீட்ல, அதே அடுப்புலதான் நான் அந்தப் பச்சைக் குழந்தைக்குப் பால் பவுடர் கலக்கப் போறேன்."

சரோஜினி ஐந்து தாள்களையும் சேர்த்து மடித்து அவரிடமே கொடுத்தார்.

"மெஷினை அப்புறம் பாத்துக்கலாம் டீச்சர். முதல்ல வீட்டைப் பார்க்கணும்."

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை சரோஜினியும் பொன்னுரங்கமும் மொபெட்டில் சிட்லபாக்கம் போனார்கள். ஏரிக்குப் பின்னால் மூன்றாவது தெரு. ஆறு வீடுகள் கொண்ட அடுக்குமாடி. வண்டி நிறுத்தும் இடத்தில் புதிதாய்ச் சிமெண்ட் கல் பாவியிருந்தார்கள். சுவரோரம் ஒரு பெரிய ஃபிளெக்ஸ் சுருட்டிச் சாத்தப்பட்டிருந்தது. வெளியே தெரிந்த ஓரத்தில் 'தீபலட்சுமி' என்ற பெயரும், 'நிச்சயதார்த்தம், ஜூன் 15' என்பதும் பளபளத்தன.

முதல் மாடியில் கதவைத் திறந்தவன் ஸ்டெபின். சவரம் செய்து பல நாள் ஆகியிருந்தது.

"அத்தை தேவையில்லாம உங்களை அலைய வெச்சுட்டாங்க" என்றான். "யார் செஞ்சாங்கன்னு எங்களுக்குத் தெரியும்."

"தெரிஞ்சா நல்லதுதான் தம்பி. எனக்கும் தெரியட்டுமே" என்று சொல்லிவிட்டுச் சரோஜினி உள்ளே போனார்.

கூடத்துச் சுவரில் நாலு ஆணித் துளைகள்தான் மிச்சம் இருந்தன. ஸ்டெபின் பிடுங்கி எறிந்த இயந்திரம் பழைய புடவையில் சுற்றி பால்கனியில் கிடந்தது. பொன்னுரங்கம் அதைத் தூக்கிப் போய்க் கழற்றிப் பார்க்க ஆரம்பித்தார். சரோஜினி சமையலறைக்குள் நுழைந்தார். சின்ன அறை. அடுப்பு, அடுப்புக்கு வலப்பக்கம், நின்ற இடத்திலிருந்து கை நீட்டினால் எட்டும் தூரத்தில், பாத்திரம் தேய்க்கும் சிங்க்கும் அதன் குழாயும்.

குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் காந்தத்தால் ஒட்டியிருந்தது. அழகான கையெழுத்து. '6.30 தைராய்டு மாத்திரை, வெறும் வயிறு. 9.00 இரும்புச்சத்து. 9.00 இரவு கால்சியம்.' அதற்குக் கீழே நாள்வாரியாகக் கட்டங்கள். ஜூலை இருபத்தாறு வரை எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டிருந்தது. அதற்குப் பிறகு வெறும் கட்டங்கள்.

"அவ எழுதினது" என்றார் டீச்சர். "எடுக்க மனசு வரல."

"காலையில என்ன நடக்கும்? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"ஆறேகாலுக்கு எழுந்து நேரா அடுப்பைப் பத்த வெப்பேன். முந்தின ராத்திரியே இந்தக் குண்டான்ல ஆர்.ஓ. தண்ணி பிடிச்சு வெச்சிருப்பேன். கொதி வந்தப்புறம் கடிகாரத்தைப் பாத்துப் பத்து நிமிஷம். ஒரு நிமிஷம் கொறையாது. ஆறரைக்கு அவ அலாரம் அடிக்கும். எழுந்து வந்து இங்கேயே நின்னு மாத்திரையைப் போட்டுப்பா. சூடா கொடுத்தா குமட்டும், ஜில்லுனு கொடுத்தா தொண்டை கட்டும். இளஞ்சூடா ஒரு டம்ளர் முழுக்கக் குடிப்பா. மீதியை ஃபிளாஸ்க்ல ஊத்தி வெச்சுடுவேன். நாள் முழுக்க அதான்."

"கடிகாரம் சரியா ஓடுதா?"

"செல்போனைப் பாத்துத் திருப்பி வெப்பேன் மேடம். முப்பது வருஷமா பெல் அடிச்ச கை."

சரோஜினி குண்டானை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். உட்புறம் புதிதுபோல் மின்னியது. அலமாரியிலிருந்து ஹெப்சியின் ஃபிளாஸ்க்கை எடுத்து மூடியைத் திருகினார். உள்ளே கழுத்துக்குக் கீழே சுற்றிலும் வெள்ளையாய்ப் பொரிந்திருந்தது. நகத்தால் சுரண்டினார். சுண்ணாம்புத் தூள்போல் உதிர்ந்தது. அவர் அதை மூடி வைத்தார்.

பால்கனியிலிருந்து பொன்னுரங்கம் குரல் கொடுத்தார். "மேடம், இங்க வந்து பாருங்க! ஃபில்டர் அல்லாம் ஒரிஜினலு. ஏப்ரல் தேதி போட்ட ஸ்டிக்கர் அப்பிடியே கீது. அந்தாளு நாயமாத்தான் வேலை பாத்துகிறாரு."

இயந்திரத்தைக் குழாயோடு இணைத்து, ஒரு மணி நேரம் ஓடவிட்டு, வந்த தண்ணீரையெல்லாம் கொட்டினார். பிறகு சரோஜினி தன் பையிலிருந்து மூன்று சின்னக் குப்பிகளை எடுத்தார். அடியில் மருந்து தடவிய குப்பிகள். தண்ணீரில் கழிவு கலந்திருந்தால் ஒரு நாளில் கறுத்துவிடும். ஒன்றில் இயந்திரத் தண்ணீர், ஒன்றில் அதையே கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர், மூன்றாவதில் சிங்க் குழாய்த் தண்ணீர். மூன்றுக்கும் பெயர் எழுதி ஒட்டினார்.

"குழாய்த் தண்ணி எதுக்கு?" என்றான் ஸ்டெபின். "அதை யாருமே குடிக்கறதில்லையே."

"எழுதி வெச்சுப்போம் தம்பி" என்றார் சரோஜினி.

கீழே, வண்டி நிறுத்தும் இடத்தின் மூலையில் தரையடித் தொட்டி இருந்தது. மாநகராட்சித் தண்ணீரும் போர் தண்ணீரும் அதில் விழுந்துதான் மாடித் தொட்டிக்கு ஏறும். பொன்னுரங்கம் இரும்பு மூடியைத் தூக்கி, வயிற்றால் படுத்து, செல்போன் விளக்கை உள்ளே காட்டினார். வெகு நேரம் எழுந்திருக்கவில்லை.

"மேடம், கெழக்கால செவுத்துல புதுசா ஒரு பூச்சு கீது. இம்மாம் அகலம். அவசரத்துல அப்பினது. இப்பவும் அதுலேர்ந்து கசிஞ்சிகினுதான் கீது."

"கிழக்குப் பக்கம் என்ன இருக்கு?"

பொன்னுரங்கம் எழுந்து, புதிதாய்ப் பாவிய கல்மேல் நடந்து, காலால் தட்டிப் பார்த்தார். ஓரிடத்தில் சத்தம் பொள்ளலாய்க் கேட்டது. "கக்கூஸ் டாங்கு" என்றார். முகத்தில் இருந்த உற்சாகம் போய்விட்டது.

"யாரைக் கேட்டு மூடியைத் திறந்தீங்க?"

கீழ்வீட்டிலிருந்து வேகமாக வந்தவர் தேவானந்தம். குடியிருப்போர் சங்கச் செயலாளர். இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. விவரத்தைக் கேட்டதும் குரல் தணிந்தது.

"ஹெப்சி விஷயம் எங்க எல்லாருக்குமே ஷாக் மேடம். ஆனா தொட்டியில ஒரு பிரச்சனையும் இல்ல. ஆறு மாசத்துக்கு ஒருதரம் கிளீன் பண்றோம். நாங்களும் இதே தண்ணியைத்தானே யூஸ் பண்றோம்? அந்த மெஷின்காரன்தான்..."

"இருக்கலாம் சார். மூடியைத் தொட்டதுல கையெல்லாம் துரு. உங்க வீட்ல கை கழுவிக்கலாமா?"

மறுக்க முடியாமல் அவர் உள்ளே வழிகாட்டினார். கூடத்தில் நிச்சயதார்த்தப் படம் பெரிதாக மாட்டியிருந்தது. பந்தலுக்குக் கீழே, அதே வண்டி நிறுத்தும் இடத்தில், இருபது முப்பது பேர் சிரித்துக்கொண்டு நின்றார்கள். சரோஜினி குளியலறைக் கதவைத் திறந்தார். கைகழுவும் பேசினில் குழாய் இருந்தது. குழாய்க்குப் பக்கத்தில் ஒரு முக்காலி, அதன்மேல் கடையில் வாங்கும் இருபது லிட்டர் தண்ணீர் கேன், கேனின் கழுத்தில் தொங்கிய சின்னச் சொம்பு, பக்கத்தில் மூன்று பல் துலக்கும் பிரஷ்கள்.

அவர் குழாயைத் திறந்து கை கழுவினார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

புதன்கிழமை மாலை மூன்று குப்பிகளும் சரோஜினியின் சமையல் மேடையில் இருந்தன. இயந்திரத் தண்ணீர் நிறம் மாறவில்லை. கொதித்த தண்ணீரும் மாறவில்லை. குழாய்த் தண்ணீர் கரிபோலக் கறுத்திருந்தது.

பொன்னுரங்கம் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "கேன் கடைக்காரனைப் புடிச்சேன் மேடம். செக்கரட்டரி வூட்டுக்கு மே மாசக் கடைசிலேர்ந்து கேன் போவுதாம். அதுக்கு மின்ன அவங்களும் ஆர்.ஓ.தானாம்." கறுத்த குப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தார். "ஆனா ஒண்ணு பிரியல. குழாத் தண்ணிதான் வெசம், சரி. அந்தப் பொண்ணுதான் அதைக் குடிக்கவே இல்லியே? மெஷினு சுத்தம், கொதிச்சதும் சுத்தம். எந்த வழியா உள்ள போச்சு?" என்றார்.

"ஆர்.ஓ. தண்ணியில உப்பு இருக்குமா?"

"எங்க இருக்கும்? அத்த எடுக்கத்தானே மெஷினு."

"குண்டான் உள்ளே ஒரு பொட்டு உப்பில்ல. ஆனா ஃபிளாஸ்க் முழுக்க வெள்ளையாப் பொரிஞ்சிருக்கு. குண்டான்லேர்ந்து நேரா ஃபிளாஸ்க்குக்குப் போன தண்ணியில உப்பு எங்கேருந்து வந்தது?"

பொன்னுரங்கம் தலையைச் சொறிந்தார்.

"இன்னொண்ணு. ஆறேகாலுக்கு அடுப்பு. கொதி வர அஞ்சு நிமிஷம். அப்புறம் பத்து நிமிஷம் கொதி. மணி என்ன?"

"ஆறரை."

"ஆறரைக்கு அந்தப் பொண்ணு ஒரு டம்ளர் முழுக்க இளஞ்சூடாக் குடிச்சிருக்கா. தினமும்."

பொன்னுரங்கம் யோசித்தார். சமையலறையைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். அடுப்புக்குப் பக்கத்துக் குழாயைப் பார்த்தார். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வாணாம் மேடம்" என்றார், கெஞ்சுகிற குரலில். "அந்தம்மாகிட்ட இத்தச் சொல்லாதீங்க. செக்கரட்டரி மேலதான் குத்தம் கீதே, அத்தோட முடிச்சுக்கலாம். மெஷின்காரரும் தப்பிச்சிடுவாரு. இத்தத் தெரிஞ்சுகினு அந்தம்மா எப்பிடி உசுரோட இருப்பாங்க?"

சரோஜினிக்கு அந்தக் கேள்வி புதிதல்ல. முந்தின இரவு முழுக்க அவரும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். வலித்தது. ஆனால் பதில் மாறவில்லை.

"நாளன்னைக்குக் குழந்தை வருது பொன்னுரங்கம். பால் பவுடரைக் கலக்கப் போறதும் அதே கைதான். தொட்டியைச் சரி பண்ணிடலாம். கையோட பழக்கத்தைச் சொல்லாம எப்படிச் சரி பண்றது?"

வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு டீச்சர் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். ஸ்டெபின் சுவரில் சாய்ந்து நின்றான். தேவானந்தம் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கடைசியாக வந்தவர் தனக்கோடி. இடது கையைத் துணித் தொட்டிலில் மாட்டியிருந்தார். உள்ளே வரத் தயங்கி வாசற்படி அருகிலேயே நின்றுகொண்டார். ஸ்டெபின் விருட்டென்று நிமிர்ந்தான்.

"இவன் எதுக்கு இங்க?"

"நான்தான் கூப்பிட்டேன்" என்றார் சரோஜினி. "இவர் போட்ட ஃபில்டர் எல்லாம் ஒரிஜினல். மெஷின்லேருந்து வர்ற தண்ணி சுத்தம். சோதிச்சுப் பாத்தாச்சு." நிறம் மாறாத குப்பியை மேசைமேல் வைத்தார். "இவர் உங்க மனைவியைக் கொல்லல."

ஸ்டெபின் குப்பியையே பார்த்தான். தனக்கோடியின் பக்கம் திரும்பவில்லை.

"அப்ப எப்படி?" என்றார் டீச்சர்.

"டீச்சர், எனக்கு ஒரு மாத்திரை போடணும். ஹெப்சிக்குக் கொடுப்பீங்களே, அதே மாதிரி இளஞ்சூடா ஒரு டம்ளர் தண்ணி வேணும். தினம் எப்படிச் செய்வீங்களோ, அப்படியே."

டீச்சர் ஒரு கணம் புரியாமல் பார்த்தார். பிறகு எழுந்து சமையலறைக்குப் போனார். கூடத்திலிருந்து எல்லோருக்கும் அவர் முதுகு தெரிந்தது. குண்டானில் சுத்தமான தண்ணீரை ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தார். கொதி வந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பத்து நிமிடம் நின்றார். அடுப்பை அணைத்து, கரித்துணியால் குண்டானைப் பிடித்து, டம்ளரில் முக்கால் அளவு ஊற்றினார். ஆவி பறந்தது. டம்ளரின் விளிம்பைப் பிடித்து வலப்பக்கம் கொண்டுபோனார். இடது கை தானாகக் குழாயைத் திறந்தது. விளாவுவதற்கு ஒரு விரற்கடை பச்சைத் தண்ணீர் டம்ளருக்குள் விழுந்தது.

கை அப்படியே நின்றுவிட்டது.

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. டம்ளர் நிரம்பி வழிந்தது. டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பொன்னுரங்கம்தான் போய்க் குழாயை மூடினார்.

"விளாவினேன்" என்றார் டீச்சர். யாரிடமும் சொல்லவில்லை. "குளிக்கற தண்ணி மாதிரி விளாவினேன். தினம். ஃபிளாஸ்க்லயும்."

சரோஜினி அவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்காரவைத்தார். கறுத்த குப்பியை வெளியே எடுத்தார்.

"இது உங்க சமையலறைக் குழாய்த் தண்ணி. கழிவு கலந்த தண்ணி. அந்தக் காமாலை வர்ற வழி இதுதான். நீங்களும் மாப்பிள்ளையும் ஆர்.ஓ. தண்ணியை நேராப் பிடிச்சுக் குடிச்சீங்க, அதனால தப்பிச்சீங்க. ஹெப்சிக்கு மட்டும் விசேஷமாக் காய்ச்சிக் கொடுத்தீங்க. காய்ச்சினதாலதான் ஆத்த வேண்டி வந்தது."

"நானா மேடம்?"

"உங்க கைதான். ஆனா உங்க குத்தம் இல்ல."

"அது ரெண்டும் வேற வேறயா?" என்றார் டீச்சர்.

சரோஜினி தேவானந்தத்தின் பக்கம் திரும்பினார்.

"டீச்சருக்கு இந்தத் தண்ணி இப்படின்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா ஒரு சொட்டுக்கூடச் சேர்த்திருக்க மாட்டாங்க. ஆனா இந்தக் கட்டடத்துல ஒருத்தருக்குத் தெரியும். இல்லையா சார்?"

"எனக்கு எப்படி மேடம்..."

"குடிக்கறதுக்குக் கேன் வாங்கறவங்க ஊர்ல ஆயிரம் பேர். அதைச் சமையலறையில வெப்பாங்க. உங்க வீட்ல மே மாசக் கடைசியிலேருந்து குளியலறையில இருக்கு, பிரஷ் பக்கத்துல. குழாய்த் தண்ணியில வாய் கொப்பளிக்கக்கூட பயம். எதுக்குப் பயம்?"

தேவானந்தம் பாக்கெட்டில் இருந்த பேனாவை எடுத்தார், திரும்பச் செருகினார்.

"தொட்டிச் சுவத்துல ஒரு பூச்சு இருக்கு" என்று சரோஜினி தொடர்ந்தார். "செப்டிக் டேங்க் பக்கத்துச் சுவர். நான் கேட்டப்ப தொட்டியில பிரச்சனையே இல்லைன்னு சொன்னீங்க. பிரச்சனை இல்லாத சுவத்தை எந்தக் கொத்தனார் பூசினான்?"

தேவானந்தம் தரையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"மே மாசம் தண்ணியில லேசா வாடை வந்துது. கொத்தனார் இறங்கிப் பாத்துட்டு, செப்டிக் டேங்க் சுவர் விரிஞ்சிருக்கு, பார்க்கிங் முழுக்கத் தோண்டணும், பத்து நாள் யாரும் டாய்லெட் யூஸ் பண்ண முடியாதுன்னான். ஜூன் பதினஞ்சு என் பொண்ணுக்கு நிச்சயம். பந்தல் அங்கதான் போடணும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்ற நேரத்துல அந்த நாத்தத்தைத் தோண்டி வெச்சுக்கிட்டு... உள்பக்கமாப் பூசச் சொன்னேன். மேல கல்லு பாவினேன். நிச்சயம் முடிஞ்சதும் செய்யலாம்னுதான் இருந்தேன். அப்புறம் வாடை நின்னுடுச்சு. சரியாப் போச்சுன்னு நினைச்சேன்."

"சரியாப் போச்சுன்னு நினைச்சவர் பாத்ரூம் கேனை ஏன் எடுக்கல?"

"எல்லார் வீட்லயும் ஆர்.ஓ. இருக்கே மேடம்!" தேவானந்தத்தின் குரல் உடைந்தது. "யார் குழாய்த் தண்ணியைக் குடிக்கப் போறாங்கன்னு..."

ஸ்டெபின் அவரை நோக்கி ஓர் அடி வைத்தான். குறுக்கே வந்து நின்றவர் தனக்கோடி. ஒரு கையை மட்டும் நீட்டித் தடுத்தார்.

"வாணாம் சார். அடிச்சது போதும்."

ஸ்டெபினின் முகம் கோணியது. அப்போதுதான் அந்தத் துணித் தொட்டிலை அவன் சரியாகப் பார்த்தான். "அண்ணா, நான்... என்னை மன்னிச்சுடுங்க" என்றான்.

"மன்னிப்பு வாணாம்" என்றார் தனக்கோடி. "எந்தெந்த வூட்ல போயி என்னைக் கொலகாரன்னு சொன்னியோ, அந்தந்த வூட்ல போயி இல்லைன்னு சொல்லு. ஸ்டேஷன்லயும் போயிச் சொல்லு. எனக்கு அது போதும்."

ஸ்டெபின் உடனே செருப்பை மாட்டிக்கொண்டு அவரோடு ஸ்டேஷனுக்குக் கிளம்பினான். தேவானந்தத்தையும் வரச் சொன்னான். அவர் மறுக்காமல் எழுந்தார். சங்கத்துக்காரர்களை அழைத்துத் தொட்டியை அன்றே காலி செய்யும் வேலையைப் பொன்னுரங்கம் ஏற்றுக்கொண்டார்.

எல்லோரும் போனபின் டீச்சர் அந்த ஐந்து விளம்பரத் தாள்களை எடுத்தார். "எதை வாங்கட்டும்?" என்றார். சரோஜினி அந்தத் தாள்களை வாங்கி ஓரமாக வைத்தார்.

"ஒண்ணும் வேணாம். தனக்கோடியை விட்டு உங்க பழைய மெஷினையே மாட்டச் சொல்லுங்க. தொட்டி சரியாகற வரைக்கும் வெளியிலேருந்து நல்ல தண்ணி. குழந்தைக்கு அதையும் காய்ச்சணும். காய்ச்சினதுக்கப்புறம் மூடி வெச்சு ஆற விடணும். எதையும் சேர்க்கக் கூடாது. அவ்வளவுதான் டீச்சர்."

"அவ்வளவுதான்" என்று டீச்சர் திரும்பச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் கையெழுத்தெல்லாம் முடிந்து குழந்தை வீட்டுக்கு வரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. சரோஜினியும் பொன்னுரங்கமும் போயிருந்தார்கள். கீழே பாவிய கல்லையெல்லாம் பெயர்த்துக் குவித்திருந்தார்கள். தெருவே நாறியது. மேலே, இரண்டு கிலோகூடத் தேறாத அந்தப் பெண் குழந்தை ஸ்டெபினின் கையில் துணிப் பொதிக்குள் கிடந்தது.

சமையலறைக் குழாயின் வாயில் டீச்சர் ஒரு வெள்ளைத் துணியை இறுக்கிக் கட்டியிருந்தார். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஹெப்சியின் தாள் அப்படியே இருந்தது. தண்ணீர் பத்து நிமிடம் கொதித்து முடிந்திருந்தது. அடுப்பை அணைத்து, குண்டானை மூடி, அதன் எதிரே ஒரு முக்காலியைப் போட்டு டீச்சர் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்திருந்தார்.

குழந்தை சிணுங்கியது. பிறகு வீறிட்டது. அத்தனை சின்ன உடம்பிலிருந்து அத்தனை சத்தம் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"அத்தை, பசியில அழறா" என்றான் ஸ்டெபின்.

டீச்சர் குண்டானைத் தொட்டுப் பார்த்தார். கையை எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டார்.

"டீச்சரம்மா, ஒரு தாம்பாளத்துல தண்ணி ஊத்தி அதுல குண்டானை வெச்சா சீக்கிரம் ஆறிடும்" என்றார் பொன்னுரங்கம், மனசு கேட்காமல்.

"வேணாம் அண்ணா" என்றார் டீச்சர். "தானா ஆறட்டும்."

சுவர்க் கடிகாரத்தில் மணி ஆறரையைத் தாண்டியது. குழந்தை அழுதுகொண்டே இருந்தது. டீச்சரின் கன்னங்களில் கண்ணீர் வழிந்தது. ஆனாலும் அவர் குண்டானை விட்டுக் கண்ணை எடுக்காமல், இடத்தை விட்டு எழுந்திருக்காமல் காத்திருந்தார்.